பிணி தீர்ந்த பின்

பிள்ளைக்கு நோய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எடுத்துரைப்போர் பலர். நோய் தீர்ந்த பின் என்ன செய்ய வேண்டும் என்று எடுத்துரைப்போர் மிகச் சிலர். காய்ச்சல் தணிந்து, பிள்ளை கண் விழித்து, பசிக்கிறது என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், துன்பம் தொலைந்தது என்றே உலகம் எண்ணுகிறது. வைத்தியர் துண்டு எழுதிக் கொடுக்கிறார். தாதி அந்தக் கட்டிலை அடுத்த பிள்ளைக்கு ஆயத்தம் செய்கிறாள். அயலவர் வந்து இரண்டு வார்த்தை ஆறுதல் கூறிச் செல்கின்றனர். ஆயினும், நோயின் முடிவும் நலத்தின் தொடக்கமும் ஒரே நாளில் வருவன அல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு காலம் உண்டு. அக்காலத்தில் பிள்ளை தேறுவது போலவே பெற்றவரும் தேற வேண்டியிருக்கிறது. பிள்ளை தேறுவதை எல்லோரும் காண்கின்றனர். பெற்றவர் தேறுகின்றனரா என்பதை எவரும் கேட்பதில்லை.

ஊவா மாகாணத்திலே, பதுளை நகருக்குத் தென்கிழக்கே, 2,036 மீற்றர் உயரத்தில் நிமிர்ந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது சிகரங்களை உடையது என்னும் பொருளில் அமைந்தது அதன் பெயர். அம்மலையின் சரிவுகளிலும், பசறை, மடுல்சீமை முதலிய பக்கங்களிலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அத்தோட்டங்களின் லயங்களில், ஒரு காம்பராவும் ஒரு சிறு இஸ்தோப்பும் கொண்ட குடியிருப்புகளில், நான்கு தலைமுறை, ஐந்து தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வந்திருக்கின்றன. 1924ஆம் ஆண்டிலே புகைவண்டி பதுளையை எட்டியது. ஆனால் மலையின் மேலே உள்ள லயத்திலிருந்து பதுளைக்கு இறங்குவது, இரயில் வந்த பின்னரும் எளிதாகிவிடவில்லை. ஒக்டோபர் தொடங்கித் தை மாதம் வரை மழையும் பனிமூட்டமும் மலையைச் சூழ்ந்து கொள்ளும்போது, நோயுற்ற பிள்ளையைக் கம்பளியிற் போர்த்துத் தோளிற் சுமந்து, வழுக்குகின்ற குறுக்குப் பாதையில் வாகனம் வரும் வீதிக்கு இறங்குவதே ஒரு பெரும் பயணம்.

இத்தகைய இடத்தில் பிள்ளைக்குக் கடும் நோய் வந்தால் பெற்றவருக்கு நேருவது என்ன? முதலில், தோட்டத்து மருந்துச்சாலை. அங்கே தீராவிட்டால் மாவட்ட வைத்தியசாலை. அங்கும் இயலாவிட்டால் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரி. தாய் பிள்ளையுடன் ஆஸ்பத்திரியில் தங்கினால், அவள் பெயர் செக்றோலில் விழாது. கொழுந்தெடுத்தால்தான் பேர், பேர் விழுந்தால்தான் சம்பளம். தகப்பன் வேலைக்குப் போவதா, பிள்ளையைப் பார்க்கப் போவதா என்று ஒவ்வொரு காலையும் பெரட்டுக்களத்துக்குச் செல்லுமுன் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் எஞ்சிய பிள்ளைகள் அப்பாயியின் பொறுப்பு. கைக்குழந்தை இருந்தால் பிள்ளைக்காம்பராவின் பொறுப்பு. பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம் முடிந்து வீடு திரும்பும் தாய்க்கு, பிள்ளையின் மெலிந்த உடலோடு, மெலிந்த மாதச் சம்பளமும் காத்திருக்கும். ஆகவே, பிள்ளைக்கு அதிக கவனிப்பு வேண்டிய அந்த வாரத்திலேயே அவள் மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டியவளாகிறாள்.

இத்துன்பத்தின் பின்னணியிலே ஒரு நீண்ட வரலாறு உண்டு. தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதி கருதி 1872ஆம் ஆண்டிலே இலங்கையில் ஒரு சட்டம் பிறந்தது. 1912ஆம் ஆண்டிலே அது விரிவான வேறு சட்டங்களாக வளர்ந்தது. 1916ஆம் ஆண்டிலே, ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு, இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவை ஒழிக்கும் இயக்கம் தோட்டங்களில் தொடங்கியது. இவ்வளவும் நடந்தபோதிலும், பல தலைமுறைக் காலம் தோட்டங்களில் குழந்தை இறப்பு நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிகுந்தே இருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தை நினைவிற் கொண்டோர் இன்றும் லயங்களில் இருக்கின்றனர்.

பிள்ளை பிழைப்பது நிச்சயமில்லை என்ற அறிவு ஒரு சமூகத்தின் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்குத் தமிழரின் பெயர்களே சான்று. பிச்சை, குப்பன், குப்பாயி, மூக்கன், மண்ணாங்கட்டி, தவிடன் என்னும் பெயர்களை இளந்தலைமுறையினர் கேட்டுச் சிரிக்கக்கூடும். அப்பெயர்கள் சிரிப்பிற் பிறந்தவை அல்ல. முன்னே பிறந்த பிள்ளைகளை நோய்க்குப் பறிகொடுத்த தாய், அடுத்த பிள்ளையைக் குப்பையிற் கிடத்தி எடுத்தாள். அல்லது அயல்வீட்டாருக்குக் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினாள். அல்லது மூக்குக் குத்தினாள். இது மதிப்பற்ற பிள்ளை, எவருக்கும் வேண்டாத பிள்ளை என்று கூற்றுவன் எண்ணி விட்டுச் செல்லட்டும் என்பது அவள் கருத்து. அன்பை மறைத்து வைப்பதே பிள்ளையைக் காக்கும் வழி என்று அவள் நம்பினாள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து வந்தோர், தம் மூட்டைகளோடு இப்பெயர்களையும் சுமந்து வந்தனர்.

அந்த அச்சத்தை வைத்திய விஞ்ஞானம் வேறொரு பெயரால் அழைக்கிறது. 1964ஆம் ஆண்டிலே, அமெரிக்க வைத்தியர்களான மொரிஸ் கிறீன், அல்பேட் சொல்னிற் ஆகிய இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். ஒரு காலத்தில் இறந்துவிடுவர் என்று பெற்றோர் அஞ்சிய பிள்ளைகள், பின்னர் முற்றாகக் குணமடைந்த போதிலும், அவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் அந்த அச்சம் எவ்வாறு பின்தொடர்கிறது என்பதை அக்கட்டுரை ஆராய்ந்தது. வைத்தியரின் கணக்கில் பிள்ளை சுகதேகி. தாயின் கணக்கில் அவன் இன்னும் சாவின் வாசலில் நிற்பவன். அவள் இரவில் எழுந்து அவனுடைய மூச்சைக் காது கொடுத்துக் கேட்கிறாள். சிறு தும்மலுக்கும் வைத்தியரிடம் ஓடுகிறாள். அவன் செய்யும் குறும்பைக் கண்டிக்க அவளுக்கு மனம் வருவதில்லை. கண்டித்த அன்றே ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ற எண்ணம் அவள் கையைத் தடுக்கிறது. பள்ளிக்கு அனுப்பத் தயங்குகிறாள். மழையில் நனைந்துவிடுவான் என்று விளையாட விடாது தடுக்கிறாள்.

பிள்ளை இதனை விரைவிற் புரிந்துகொள்கிறது. தாயின் முகமே பிள்ளைக்குக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் ஒரு நோயாளியைக் கண்டால், பிள்ளை தன்னை நோயாளியாகவே எண்ணத் தொடங்குகிறது. தாயை விட்டுப் பிரிய அஞ்சுகிறது, தனியே உறங்க மறுக்கிறது, வயிற்றுவலி, தலைவலி என்று அடிக்கடி முறையிடுகிறது, படிப்பிலே பின்தங்குகிறது. உடலை விட்டு நீங்கிய நோய், இவ்வாறு வீட்டை விட்டு நீங்காது தங்கிவிடுகிறது. இதில் தாயைக் குற்றஞ்சாட்டுவது தகாது. பிள்ளையை இழக்கும் விளிம்புவரை சென்று மீண்டவள் அஞ்சாதிருந்தால்தான் வியப்பு. அந்த அச்சம் எப்பொழுது முடிய வேண்டும் என்று அவளுக்கு எவரும் கூறாது விட்டதே குறை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாது போவதே அது. மூட்டுவாதக் காய்ச்சல் என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைத் தாக்கும் நோய் இது. நெருக்கமான குடியிருப்புகளில், ஒரே காம்பராவில் பலர் படுத்துறங்கும் இடங்களில், இது பரவ வாய்ப்பு மிகுதி. முதலில் ஒரு சாதாரண தொண்டைநோவாக வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் உண்டாகும் அந்தத் தொண்டைநோ ஆறி இரண்டு மூன்று வாரங்களின் பின், காய்ச்சலோடு மூட்டுகள் வீங்குகின்றன. இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று வலி இடம் மாறுகிறது. சில வாரங்களில் வீக்கம் வற்றி, பிள்ளை ஓடியாடத் தொடங்குகிறது. பெற்றோருக்கு அது முழுமையான சுகமாகவே தோன்றும். ஆனால் அந்நோய் இதயத்தின் கதவங்களைத் தாக்கியிருக்கக்கூடும். மறுபடியும் தொண்டைநோ வந்தால் மறுபடியும் இதயம் தாக்கப்படக்கூடும். ஒவ்வொரு தாக்குதலும் முன்னைய வடுவின்மேல் புதிய வடுவை இடும்.

இதனைத் தடுக்க வழி உண்டு. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட வேண்டும். இதயம் தாக்கப்படாத பிள்ளைக்கும் குறைந்தது 5 ஆண்டுகள். தாக்கப்பட்டிருந்தால் அதனினும் நெடுங்காலம். இங்கேதான் பெற்றவரின் சோதனை இருக்கிறது. துள்ளி விளையாடும் பிள்ளையை, வலிக்கும் ஊசிக்காக, மாதந்தோறும் ஒரு நாட்சம்பளத்தை இழந்து கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நோயே இல்லாத பிள்ளைக்கு ஏன் ஊசி என்று அயலவர் கேட்பர். தீபாவளி வரும், திருவிழா வரும், கொழுந்து மிகுந்த மாதம் வரும். ஒரு முறை தவறும். பின்னர் இரு முறை தவறும். ஏன் என்று அறியாத தாய் ஊசியை நிறுத்திவிடுவாள். ஏன் என்று அறிந்த தாய் நிறுத்தமாட்டாள்.

ஆகவே, தேறிய பிள்ளையின் பெற்றோர் இருவகைப்படுவர். அஞ்ச வேண்டாததை அஞ்சுவோர் ஒரு வகை. அஞ்ச வேண்டியதை அஞ்சாதோர் மற்றொரு வகை. இருவருக்கும் தேவையானது ஒன்றே: விளக்கமான சொல். பிள்ளைக்கு வந்த நோயின் பெயர் என்ன, அது முற்றாகத் தீர்ந்ததா, மீண்டும் வருமா, எந்த அறிகுறியைக் கண்டால் உடனே வர வேண்டும், எதனைக் கண்டு கலங்க வேண்டியதில்லை, எந்நாளில் பள்ளிக்கு அனுப்பலாம் என்பவற்றை, பிள்ளை கட்டிலை விட்டு இறங்குமுன் பெற்றவர் அறிந்துகொள்ள வேண்டும்.

இது சொல்வதற்கு எளிது. மலைநாட்டில் நடைமுறை அவ்வளவு எளிதன்று. வைத்தியர் எழுதிக் கொடுக்கும் துண்டு ஆங்கிலத்தில் இருக்கும். வாட்டிலே பணிபுரிவோர் பலர் சிங்களத்திற் பேசுவர். தாய் அறிந்தது தமிழ். ஆட்டிய தலையோடும், புரியாத துண்டோடும் அவள் வீடு திரும்புகிறாள். பெயர் அறியாத நோயே மிகப் பெரிய நோய், அதற்கு எல்லையில்லை. ஒரு தாதியோ, தமிழறிந்த சிற்றூழியரோ, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் உறவினரோ ஐந்து நிமிடம் நின்று மொழிபெயர்த்துச் சொன்னால், அந்த ஐந்து நிமிடம் ஒரு குடும்பத்தின் பல மாத உறக்கத்தை மீட்டுக் கொடுக்கும். வைத்தியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் பெற்றோரிடையே மாற வேண்டும். "ஐயா, இனி நான் எதற்குப் பயப்பட வேணும்?" என்று கேட்பது ஒவ்வொரு தாயின் உரிமை.

சொல்லுக்கு அடுத்தபடியாகப் பெற்றோரைத் தேற்றுவது செயல். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கே அச்சம் பெருகும். செய்வதற்கு ஒரு காரியம் உள்ளவருக்கு அது சுருங்கும். இதற்குச் சிறந்ததொரு சான்று 1971ஆம் ஆண்டிலே வங்காளத்தில் கிடைத்தது. அவ்வாண்டு நடந்த போரினால் எல்லை கடந்து இந்தியாவினுள் வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. பொங்காவ் என்னும் ஊரிலே டாக்டர் திலீப் மகாலனோபிஸ் பணிபுரிந்தார். நரம்பில் ஏற்றும் சேலைன் நீர் போதவில்லை. அவர் உப்பையும் சர்க்கரையையும் சமையற் சோடாவையும் குறித்த அளவிற் கலந்த நீரைப் பெரிய கலன்களில் நிரப்பி வைத்தார். அதனை மொண்டு நோயாளிக்குப் பருக்கும் பணியைத் தாய்மாரிடமும் உறவினரிடமுமே ஒப்படைத்தார். 100க்கு 30 என்ற அளவில் இருந்த இறப்பு, அந்த முகாமில் 100க்கு 4க்கும் குறைந்தது. சர்க்கரையின் துணையோடு குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது என்ற எளிய உண்மையே அதன் அடிப்படை. அதைச் செயற்படுத்தியவை பெற்றவரின் கைகள்.

அதே நீர்தான் இலங்கையில் 'ஜீவனி' என்ற பெயரோடு சிறு பொதிகளாகக் கிடைக்கிறது. கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரிலே ஒரு பொதி முழுவதையும் கரைக்க வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும்; எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குச் சிறிது சிறிதாக, கரண்டி கரண்டியாக ஊட்டுதல் நன்று. தாய்ப்பாலை நிறுத்தலாகாது, உணவையும் நிறுத்தலாகாது. வயிற்றை வெறுமையாக வைத்தால் ஓட்டம் நிற்கும் என்று முதியோர் கூறுவது பிள்ளையை மேலும் மெலியச் செய்யும். கண்கள் குழிவிழுதல், குடிக்க இயலாத சோர்வு, ஓயாத வாந்தி, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நோய் நின்ற பின் தாய் செய்ய வேண்டிய காரியம் இன்னும் முக்கியமானது. நோயிற் கரைந்த எடையைப் பிள்ளை மீட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றோட்டம் நின்ற பின் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு, வழக்கமான வேளைகளோடு நாளொன்றுக்கு மேலும் ஒரு வேளை உணவு கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பருப்பு, முட்டை, கீரை, சிறிது எண்ணெய் சேர்த்துக் குழைத்த சோறு போதும். சாயத்தண்ணியும் ரொட்டியும் உழைப்பவனின் பசியை ஆற்றலாம். தேறும் பிள்ளைக்கு அவை போதா. தாய் மலைக்குப் போயிருக்கும் வேளையில் இந்த ஒரு வேளையைக் கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளைக்காம்பரா ஆயாவோ அப்பாயியோ ஏற்றுக்கொண்டால், அது எந்த மருந்துக்கும் குறைந்ததன்று.

ஆஸ்பத்திரியில் பெற்றவர் உடனிருப்பதும் இத்தகைய மருந்தே. இதனை மேல்நாட்டார் நெடுங்காலம் உணரவில்லை. பெற்றோர் வந்தால் பிள்ளை அழும், ஒழுங்கு கெடும் என்று கருதி, அவர்கள் பார்க்க வரும் நேரத்தை மிகச் சுருக்கி வைத்திருந்தனர். 1952ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர், ஆஸ்பத்திரிக்குச் சென்ற இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைத் திரைப்படமாக்கிக் காட்டினார். அழாது அமைதியாகிவிட்ட பிள்ளை ஆறுதல் அடைந்த பிள்ளை அன்று, நம்பிக்கை இழந்த பிள்ளை என்பதை அப்படம் உணர்த்தியது. 1959ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசாங்கத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்ட பிளாற் அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் நாட்டிலோ, கட்டிலின் கீழே பாய் விரித்துப் படுக்கும் தாயை எவரும் புதுமையாகக் கருதுவதில்லை. வீடு திரும்பிய பின் பிள்ளை சில வாரம் முந்தானையை விடாது பற்றுவதும், விட்டுப்போன பழக்கமாகிய படுக்கை நனைத்தல் மீண்டும் தோன்றுவதும் இயல்பு. அதட்டாது, கொஞ்சிக் கெடுக்காது, வழக்கமான நேரத்தில் உணவும் உறக்கமும் பள்ளியும் கொடுத்து வந்தால் அவை தாமே மறையும்.

தகப்பனைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். அவன் அழுவதை எவரும் காண்பதில்லை. ஆகவே அவனுக்கு அச்சமே இல்லை என்று எண்ணுகின்றனர். கடன் வாங்கியவன் அவன். இரவில் வாகனம் தேடி ஓடியவன் அவன். தாயும் தகப்பனும் அந்த இரவுகளைப் பற்றி ஒருவரோடு ஒருவர் ஒரு முறையேனும் பேசிக்கொள்வது இருவர் பாரத்தையும் குறைக்கும்.

காலம் மாறிவருகிறது என்பதையும் மறக்கலாகாது. 1978ஆம் ஆண்டிலே விரிவான தடுப்பூசித் திட்டம் இலங்கையில் தொடங்கியது. 1993ஆம் ஆண்டின் பின் இந்நாட்டில் இளம்பிள்ளை வாதம் காணப்படவில்லை. 2016ஆம் ஆண்டிலே மலேரியா அற்ற நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பாட்டியர் காலத்து அச்சங்களிற் பல இன்று காரணம் இழந்துவிட்டன. பிள்ளைக்கு மண்ணாங்கட்டி என்று பெயரிட்டு மறைத்து வைக்கும் தேவை இன்று எந்தத் தாய்க்கும் இல்லை.

ஊவா மாகாணத்திலேயே உள்ளது கதிர்காமம். நோயுற்ற பிள்ளையின் தலைமாட்டில் மஞ்சள் துணியிலே காசு முடிந்து, பிழைத்தால் முடி இறக்குவேன், காவடி எடுப்பேன் என்று நேர்ந்துகொள்ளும் தாய்மார் தோட்டங்களில் எண்ணற்றோர். பிள்ளை தேறிய பின், ஆடி மாதத்தில் அந்த நேர்த்தியைச் செலுத்துகின்றனர். அந்த வழக்கத்தினுள்ளே மனித மனத்தை அறிந்த ஓர் அறிவும் இருக்கிறது. நேர்த்தி செலுத்தும் நாள், நோய் முடிந்தது என்று ஊரறியக் கூறும் நாள். அன்று அந்தப் பிள்ளை நோயாளி என்ற பெயரை ஆற்றிலே விட்டுவிட்டு வருகிறது. வைத்தியர் தமிழிற் கூறும் ஒரு தெளிவான சொல்லும் அவ்வாறே ஓர் எல்லையைக் கிழிக்கிறது: இதுவரை அச்சம், இதன்மேல் கவனம் மட்டும் போதும். அந்த எல்லையைப் பெற்றவருக்குக் காட்டிக் கொடுத்த பிறகே வைத்தியம் நிறைவடைகிறது. அதன் பின் மழையில் நனைந்து வரும் பிள்ளையைக் கண்டால், மற்றப் பிள்ளைகளை அதட்டுவது போலவே அவனையும் அதட்டித் தலையைத் துவட்டிவிடுவாள் தாய். அந்த அதட்டலே அவள் தேறிவிட்டாள் என்பதற்கு அடையாளம்.